ஆயில் பாய்லருக்குப் பதில் ஹீட் பம்ப்: டேங்க்கில் எண்ணெய் தீர்வதற்குள் செய்ய வேண்டியவை

நாங்கள் இருப்பது இங்கிலாந்தில் நார்ஃபோக் பக்கம் ஒரு கிராமம். காஸ் குழாய் எங்கள் தெரு வரை வரவில்லை. கொல்லையில் 1,200 லிட்டர் பச்சை பிளாஸ்டிக் டேங்க், அதிலிருந்து ஒரு மெல்லிய செப்புக் குழாய், அது போய்ச் சேரும் இடத்தில் வீட்டைச் சூடாக்கும், இருபது வயது தாண்டிய பாய்லர். இங்கே ஹீட்டிங் ஆயில் என்று விற்பது வேறொன்றுமில்லை, நம் ஊர் மண்ணெண்ணெய்தான். ரேஷன் கடையில் ஊற்றியதன் நீலச் சாயம் மட்டும் இல்லை. டேங்க் மூடியைத் திறந்தால் அதே வாடை.

ஒரு ஜனவரியில் டேங்க் வறண்டுபோனது. அளவு காட்டும் கருவியின் பேட்டரி எப்போதோ செத்திருந்தது. நான் குச்சி விட்டுப் பார்க்கவில்லை. குறைந்தது 500 லிட்டர் வாங்கினால்தான் லாரி வரும், அதுவும் ஒன்பது நாள் கழித்துத்தான். எண்ணெய் வந்த பிறகும் குழாயில் காற்று புகுந்திருந்ததால் ஆள் வந்து காற்றை எடுத்துவிட வேண்டியிருந்தது. அந்த ஒன்பது நாளில்தான் ஹீட் பம்ப் வைப்பதென்று வீட்டில் முடிவானது. அடுத்த கோடையிலேயே போட்டிருக்கலாம். நான் இன்னொரு குளிர்காலம் பொறுத்தேன். அது நல்லதாகப் போயிற்று. ஏன் என்று கீழே சொல்கிறேன். உங்கள் பாய்லர் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும்போதே இதைப் படிக்கிறீர்கள் என்றால் உங்களுக்கும் அந்த வசதி உண்டு. பாய்லர் செத்த பிறகு தேடினால் கிடைத்த ஆள், கிடைத்த மெஷின் என்றுதான் முடியும்.

இது எப்படி வேலை செய்கிறது, சுருக்கமாக

ஃபிரிட்ஜின் பின்பக்கம் கை வைத்தால் சூடாக இருக்கும், இல்லையா? உள்ளே இருக்கும் காய்கறியிலிருந்து எடுத்த வெப்பம் அது. ஹீட் பம்ப் அதையே வெளிக்காற்றிலிருந்து எடுத்து, அறைச் சுவர்களில் மாட்டியிருக்கும் ரேடியேட்டர் தகடுகளுக்குள் ஓடும் தண்ணீருக்குக் கொடுக்கிறது. வெளியே மைனஸ் 5 டிகிரி என்றால் எங்கிருந்து வெப்பம் என்று எல்லோரும் கேட்பார்கள். இப்போது வரும் பல மெஷின்களில் வெப்பத்தைச் சுமந்து ஓடுவது ஆர்-290, அதாவது புரொப்பேன். அது மைனஸ் 42 டிகிரியிலேயே கொதிக்கும். அதற்கு மைனஸ் 5 டிகிரிக் காற்றும் சூடுதான்.

ஒரு யூனிட் மின்சாரம் கொடுத்தால் மூன்று, நான்கு யூனிட் வெப்பம் கிடைக்கும். மூன்றா நான்கா என்பதைத் தீர்மானிப்பது பெரும்பாலும் ஒரே விஷயம்: ரேடியேட்டருக்குப் போகும் தண்ணீர் எத்தனை டிகிரி. ஆயில் பாய்லர் 70 டிகிரியில் கொடுக்கும். அதற்கு அது ஒரு பொருட்டே இல்லை. ஹீட் பம்ப்புக்கு ஒவ்வொரு டிகிரியும் பாரம். தண்ணீர்ச் சூட்டை ஒரு டிகிரி குறைத்தால் செலவு சுமார் இரண்டு சதவீதம் குறையும். இதற்குப் பிறகு நான் சொல்லப்போகும் எல்லாமே, ரேடியேட்டரோ செட்டிங்கோ, இந்த ஒன்றை 45 டிகிரிக்கு அருகில் நிறுத்துவதற்கான ஏற்பாடுதான்.

முதல் வேலை: எத்தனை லிட்டர் எரித்தீர்கள்?

எண்ணெய் ரசீதுகளைத் தேடி எடுங்கள். இரண்டு வருடத்துக்குக் கிடைத்தால் நல்லது. எங்கள் வீட்டுக்கு வருடம் 1,700 லிட்டர். ஒரு லிட்டரில் சுமார் 10.35 யூனிட் வெப்பம் இருக்கிறது. ஆக 17,600 யூனிட். பழைய பாய்லர் அதில் 85 சதவீதத்தை வீட்டுக்குள் விட்டு மீதியைப் புகைபோக்கி வழியே அனுப்பியது என்று வையுங்கள். வீட்டுக்குத் தேவைப்பட்ட வெப்பம் 15,000 யூனிட்.

இப்போது ஒரு சுலபமான கணக்கு. எண்ணெயாக எரித்த யூனிட்டை 2,900 ஆல் வகுத்தால், மிகக் குளிரான நாளில் வீடு கேட்கும் கிலோவாட் ஏறக்குறையக் கிடைக்கும். எங்களுக்கு 6. துல்லியமான கணக்கு இல்லை, ஆனால் எவராவது வந்து 12 கிலோவாட் மெஷினை நீட்டினால் "எப்படி?" என்று கேட்பதற்கு இது போதும்.

பண விஷயத்தையும் இப்போதே பார்த்துவிடுங்கள். மின்சாரம் யூனிட்டுக்கு 25 பென்ஸ், எண்ணெய் லிட்டருக்கு 65 பென்ஸ் என்று வைத்துக்கொள்வோம். எண்ணெய்ச் செலவு 1,105 பவுண்ட். ஹீட் பம்ப் ஒன்றுக்கு 3.5 மடங்கு கொடுத்தால் 1,070 பவுண்ட், ஏறக்குறைய சமம். 4 மடங்கு கொடுத்தால் 940. மோசமாக வைத்து 2.8 தான் வந்தது என்றால் 1,340, அதாவது எண்ணெயை விடக் கூடுதல். ஹீட் பம்ப் போட்டால் பணம் கொட்டும் என்று சொல்பவரையும் கையைச் சுடும் என்று சொல்பவரையும் இந்த மூன்று எண்களை வைத்துச் சரிபார்த்துக்கொள்ளலாம். இருவருமே அவரவர் வீட்டைப் பற்றிச் சரியாகத்தான் சொல்கிறார்கள். எண்ணெய் விலை ஏறி இறங்கும். உங்கள் ரசீது விலையைப் போட்டுப் பாருங்கள். ஹீட் பம்ப் வைத்திருப்பவர்களுக்கென்று சில நேரங்களில் மலிவாகக் கொடுக்கும் மின்கட்டணத் திட்டங்களும் உண்டு. அதற்கு ஸ்மார்ட் மீட்டர் வேண்டும்.

இரண்டாவது: 50 டிகிரிப் பரீட்சை

நான் ஒரு குளிர்காலம் காத்திருந்தது இதற்காகத்தான். வெளியே 2, 3 டிகிரிக்கு இறங்கும் ஒரு வாரத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். பாய்லர் தண்ணீர்ச் சூட்டை 50-க்குக் குறையுங்கள். காலை இரண்டு மணி நேரம், மாலை நான்கு மணி நேரம் என்று ஓட்டாமல் நாள் முழுக்க ஓட விடுங்கள். ரேடியேட்டர் வால்வுகளை எல்லாம் முழுதாகத் திறந்துவிடுங்கள். ஒவ்வொரு அறையிலும் மலிவான ஒரு தெர்மாமீட்டர். மூன்று நாள் கழித்து எந்த அறை 20 டிகிரியைத் தொடுகிறது, எது தொடவில்லை என்று எழுதிவையுங்கள்.

எங்கள் வீட்டில் ஏழு அறைகளில் நான்கு தேறின. கூடமும் வடக்குப் பக்கப் படுக்கையறையும் 17-இலேயே நின்றன. குளியலறை 18. மாற்ற வேண்டிய ரேடியேட்டர் எவை என்ற பட்டியல் அப்படியே கையில் வந்துவிட்டது.

ஒரு எச்சரிக்கை. பழைய பாய்லர்களை இப்படிக் குறைந்த சூட்டில் மாதக்கணக்கில் ஓட்டக் கூடாது. உள்ளே ஈரம் படிந்து இரும்பு அரித்துவிடும். சில நாள் சோதனையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். சிலவற்றில் குமிழ் 60-க்குக் கீழே இறங்கவே இறங்காது. அப்போது 60-இலேயே பாருங்கள். அதிலும் தேறாத அறைக்கு ரேடியேட்டர் நிச்சயம் மாற்ற வேண்டும்.

அறை குளிர்வதற்குக் காரணம் ரேடியேட்டர்தானா என்றும் பாருங்கள். எங்கள் கூடத்தில் பாதிக் குற்றம் பயன்படுத்தாத கணப்பு அடுப்பின் புகைபோக்கியுடையது. அதை அடைத்ததும் ஒரு டிகிரி ஏறியது. பரணில் கண்ணாடிக் கம்பளி 270 மில்லிமீட்டர் இருக்கிறதா என்று ஏறிப் பார்த்துவிடுங்கள். இல்லையென்றால் போடுவதற்கு ஒரு சனிக்கிழமை போதும். வீடு முழுக்கச் சுவருக்குக் காப்பு போட்டால்தான் ஹீட் பம்ப் வேலை செய்யும் என்பது மட்டும் உண்மையில்லை. வெப்பம் கசியும் வீட்டுக்குக் கொஞ்சம் பெரிய மெஷினும் பெரிய ரேடியேட்டரும் வேண்டும், அவ்வளவே.

மூன்றாவது: ஆள் பிடிப்பது

எம்சிஎஸ் என்ற, ஹீட் பம்ப் பொருத்துபவர்களுக்கான தரச் சான்றிதழ் உள்ள நிறுவனமாக இருக்க வேண்டும். இல்லையென்றால் மானியம் கிடையாது. குறைந்தது மூன்று பேரைக் கூப்பிடுங்கள். வந்தவர் எவ்வளவு நேரம் இருந்தார் என்பதே பாதிச் சேதி சொல்லிவிடும்.

எங்களிடம் முதலில் வந்தவர் தேநீர் ஆறுவதற்குள் கிளம்பிவிட்டார். மாடியில் எத்தனை அறை என்று கேட்டார், ஏறிப் பார்க்கவில்லை. 12 கிலோவாட் என்று எழுதி அனுப்பினார். கடைசியாக வந்த பெண் மூன்றரை மணி நேரம் இருந்தார். லேசர் அளவுகோலால் ஒவ்வொரு சன்னலையும் அளந்தார், சுவரைத் தட்டிப் பார்த்தார், ரேடியேட்டர் ஒற்றைத் தகடா இரட்டைத் தகடா என்று குனிந்து எண்ணினார், தரைப்பலகை ஒன்றைத் தூக்கிக் குழாயின் விட்டத்தைப் பார்த்தார். வெளியே மைனஸ் 3 என்று வைத்து அறை அறையாகக் கணக்குப் போட்டு அவர் சொன்னது 6.4 கிலோவாட். 7 கிலோவாட் மெஷின் போட்டோம்.

பெரிதாக இருந்தால் நல்லதுதானே என்று தோன்றும். இல்லை. பெரிய மெஷினால் ஒரு அளவுக்குக் கீழே மெதுவாக ஓட முடியாது. வெளியே 10 டிகிரி இருக்கும் நாட்களில் போட்டும் அணைத்தும் தவிக்கும். வருடத்தின் பெரும்பகுதி அப்படிப்பட்ட நாட்கள்தான்.

அவர்களிடம் கேட்க வேண்டிய கேள்விகள்: மிகக் குளிரான நாளில் தண்ணீர் எத்தனை டிகிரியில் ஓடும்படி வடிவமைக்கிறீர்கள்? 45 என்றால் நல்லது, 50 என்றால் ஏற்கலாம், 55 என்றால் ரேடியேட்டர் செலவை மிச்சம் பிடித்து மின்கட்டணத்தை உங்கள் தலையில் கட்டுகிறார்கள். அறைவாரிக் கணக்கை எழுத்தில் தருவீர்களா? மெஷினுக்கும் ரேடியேட்டர்களுக்கும் நடுவில் பஃபர் டேங்க் என்ற தண்ணீர்த் தொட்டி வைக்கிறீர்களா, எதற்காக? எங்கள் அளவு வீட்டுக்கு அது பெரும்பாலும் தேவையில்லை. தப்பாக வைத்தால் சூடான தண்ணீரும் திரும்பி வரும் தண்ணீரும் கலந்து சூடு வீணாகும்.

மானியம்

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பாய்லர் அப்கிரேட் ஸ்கீம் என்ற திட்டம் 2022-இல் தொடங்கியது. முதலில் 5,000 பவுண்ட். 2023 அக்டோபரிலிருந்து 7,500. நாங்கள் வாங்கியது அந்த 7,500. நீங்கள் விண்ணப்பிக்க வேண்டியதில்லை. நிறுவனமே ஆஃப்ஜெம் என்ற எரிசக்தி ஒழுங்குமுறை அமைப்புக்கு விண்ணப்பித்து, பில்லில் அந்தத் தொகையைக் கழித்துக் கொடுக்கும். "முழுப் பணமும் கட்டுங்கள், அப்புறம் திரும்ப வரும்" என்று எவராவது சொன்னால் விலகிவிடுங்கள். வீடு உங்கள் பெயரில் இருக்க வேண்டும். வாடகைக்கு இருப்பவர் வீட்டுக்காரரிடம்தான் பேச வேண்டும். ஆயில் பாய்லரையும் வைத்துக்கொண்டு கூடவே ஹீட் பம்ப்பும் வைப்பதற்கு மானியம் கிடையாது. பிரிட்டனில் 2027 மார்ச் வரை இந்த வேலைக்கு வாட் வரி பூஜ்யம்.

ஸ்காட்லாந்தில் திட்டம் வேறு. மானியத்தோடு வட்டியில்லாக் கடனும் உண்டு. வட அயர்லாந்தில் பாதிக்கும் மேற்பட்ட வீடுகள் ஆயிலில்தான் ஓடுகின்றன, ஆனால் இந்தத் திட்டம் அங்கே செல்லாது.

வெளிமெஷினை எங்கே வைப்பது

பார்ப்பதற்கு ஏசியின் வெளிப்பெட்டி மாதிரி, ஆனால் பெரியது. சுவரிலிருந்து சுமார் 30 சென்டிமீட்டர் இடைவெளி, முன்னால் காற்று தடையில்லாமல் போக இடம். இரண்டு சுவர் சேரும் மூலையில் திணித்தால் தான் விட்ட குளிர்காற்றையே திரும்ப இழுக்கும். புரொப்பேன் மெஷின் என்றால் கதவு, சன்னல், சாக்கடை மூடி எதுவும் குறிப்பிட்ட தூரத்துக்குள் இருக்கக் கூடாது. அந்த வாயு காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தாழ்வான இடம் தேடிப் போகும். பக்கத்து வீட்டு எல்லையிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி வைக்க வேண்டும் என்ற விதியை இங்கிலாந்தில் 2025 மே மாதம் எடுத்துவிட்டார்கள். சத்தக் கணக்கு போடுவது இன்னும் கட்டாயம்.

தண்ணீர் வடிவதற்கு வழி செய்யுங்கள். இதை எல்லோரும் கோட்டை விடுகிறார்கள். மூடுபனியோடு 0 முதல் 5 டிகிரி வரை இருக்கும் நாட்களில் மெஷினின் முதுகில் வெண்பனி படியும். அவ்வப்போது மெஷின் கொஞ்ச நேரம் வெப்பத்தை எதிர்த்திசையில் அனுப்பி அதை உருக்கும். ஒரு நாளில் பக்கெட் பக்கெட்டாகத் தண்ணீர் இறங்கும். அது நடைபாதையில் ஓடினால் விடிவதற்குள் கண்ணாடி மாதிரி உறைந்து கிடக்கும். அடியில் ஜல்லிக் குழி வெட்டச் சொல்லுங்கள். பனி உருகும்போது குபுகுபுவென்று நீராவி எழும். எங்களுக்கு முதல் டிசம்பரில் எதிர்வீட்டுப் பெரியவர் போன் செய்து உங்கள் மெஷின் தீப்பிடித்துவிட்டது என்றார்.

ரேடியேட்டர், குழாய், சுடுநீர்த் தொட்டி

ரேடியேட்டர் பெட்டியில் அச்சிட்டிருக்கும் வாட் கணக்கு, அறையைவிடத் தண்ணீர் 50 டிகிரி சூடாக இருக்கும்போது கிடைப்பது. 45 டிகிரித் தண்ணீர் உள்ளே போய் 40-ஆகத் திரும்பினால் அதே ரேடியேட்டர் சுமார் 35 சதவீதம்தான் கொடுக்கும். அதனால்தான் பெரியது வேண்டியிருக்கிறது. நீளத்தைக் கூட்ட இடமில்லை என்றால் ஒற்றைத் தகட்டைக் கழற்றி அதே நீளத்தில் இரட்டைத் தகடு போடலாம். சுவரிலிருந்து கொஞ்சம் வெளியே தள்ளும், அவ்வளவுதான். எங்களுக்கு மூன்று மாற்றினார்கள். 8 அல்லது 10 மில்லிமீட்டர் மெல்லிய குழாய்கள் ஓடும் வீடு என்றால் கொஞ்சம் யோசிக்க வேண்டும். தேவையான தண்ணீர் அதில் போகாமல் போகலாம், குழாயையே மாற்ற நேரும்.

குழாயைத் திறந்ததும் சுடுநீரை அப்போதே காய்ச்சித் தரும் காம்பி வகை ஆயில் பாய்லர் வைத்திருப்பவர்களுக்குப் பெரிய தலைவலி, தொட்டிக்கு இடம். 200 லிட்டருக்கு மேல் பிடிக்கும் ஆளுயர உருளை அது. ஏற்கெனவே தொட்டி இருந்தாலும் உள்ளே இருக்கும் சுருள் சிறியது என்பதால் பெரும்பாலும் மாற்றத்தான் வேண்டும். குளிக்க 48 டிகிரித் தண்ணீர் தாராளம். கிருமிக்காக வாரம் ஒரு முறை 60-க்கு ஏற்றும்படி வைத்துவிடுவார்கள்.

பழைய ரேடியேட்டர்களைக் கழுவச் சொல்லுங்கள். எங்களுடையதிலிருந்து வந்த தண்ணீர் மை மாதிரி இருந்தது. அந்த இரும்புத் துகள் புது மெஷினின் மெல்லிய பாதைகளில் போய் அடைக்கும். பிடித்து நிறுத்தக் காந்த வடிகட்டி ஒன்று கட்டாயம்.

மின்சாரப் பக்கம்: மெயின் ஃபியூஸ் எத்தனை ஆம்பியர் என்று பார்த்து வையுங்கள். உங்களுக்கும் பக்கத்து வீட்டுக்கும் ஒரே கேபிள் பிரிந்து வருகிறது என்றால் அதை முதலில் பிரிக்கச் சொல்வார்கள். அந்த வேலைக்கு மாதங்கள் ஆகலாம், சீக்கிரமே விசாரித்துவிடுங்கள்.

எண்ணெயைக் காலி செய்வது

தேதி குறித்ததும் எண்ணெய் வாங்குவதை நிறுத்துங்கள். மிச்சம் இருப்பதை அக்கம்பக்கத்தில் எவராவது எடுத்துக்கொள்வார்கள். எங்கள் 180 லிட்டரைப் பக்கத்துத் தெருக்காரர் எடுத்துக்கொண்டார், பம்ப் வைத்து உறிஞ்சியவர் ஆயில் வேலைக்கான ஆஃப்டெக் பதிவுள்ள ஆள். நீங்களாக வாளியில் இறைக்க வேண்டாம்; கீழே சிந்தினால் மண்ணும் நிலத்தடி நீரும் கெடும், சுத்தம் செய்யும் செலவு ஹீட் பம்ப்பைவிடக் கூடுதலாகிவிடும். டேங்க்கையும் பாய்லரையும் அப்புறப்படுத்துவது விலைக்குறிப்பில் இருக்கிறதா என்று பாருங்கள். பலர் அதை எழுதுவதில்லை.

வேலை எங்களுக்கு ஐந்து நாள் நடந்தது. இரண்டு நாள் சுடுநீர் இல்லை. ஏப்ரலிலோ செப்டம்பரிலோ வைத்துக்கொண்டால் சமாளிக்கலாம்.

வேலை முடிந்த பிறகுதான் வேலை

எல்லாம் நன்றாகப் போட்டுவிட்டுக் கடைசியில் செட்டிங்கில் சொதப்பினார்கள். தண்ணீர் எப்போதும் 55 டிகிரி என்று வைத்துவிட்டுப் போய்விட்டார்கள். நவம்பரில் நாளுக்கு 29 யூனிட் ஓடியது. திரையைத் தோண்டிப் பார்த்தபோது ஒன்றுக்கு 2.6 மடங்குதான் கிடைக்கிறது என்று தெரிந்தது.

மெனுவில் வெதர் காம்பன்சேஷன் என்று ஒன்று இருக்கும். வெளியே எவ்வளவு குளிரோ அதற்கேற்பத் தண்ணீர்ச் சூட்டை மெஷினே ஏற்றி இறக்கும் ஏற்பாடு. வெளியே மைனஸ் 3 என்றால் 45, வெளியே 15 என்றால் 28 என்று இரண்டு முனைகளை வைத்துத் தொடங்குங்கள். இரண்டு நாளுக்கு ஒரு டிகிரி குறையுங்கள். வீட்டில் எவராவது குளிருகிறது என்று சொல்லும்வரை குறைத்து, அப்புறம் ஒரு டிகிரி ஏற்றி விட்டுவிடுங்கள். ரேடியேட்டர் வால்வுகள் திறந்தே இருக்கட்டும். அறை தெர்மோஸ்டாட் வைத்து அடிக்கடி அணைக்க வேண்டாம். இரவில் ஒன்றிரண்டு டிகிரி இறக்கினால் போதும். ஆயில் காலத்துப் பழக்கத்தில் வேலைக்குப் போகும்போது அணைத்துவிட்டு மாலையில் போட்டால், குளிர்ந்த வீட்டைச் சூடேற்ற மெஷின் தன் மோசமான வேகத்தில் ஓடும். மின்சுருள் ஹீட்டர் துணைக்குத் தானாக ஓடும்படி வைத்திருக்கிறார்களா என்றும் பாருங்கள். அது ஒன்றுக்கு ஒன்றுதான் கொடுக்கும்.

இவ்வளவும் செய்ததும் அதே மாதிரிக் குளிரில் நாளுக்கு 20 யூனிட்டுக்கு வந்தது.

பழக வேண்டியவை சில உண்டு. அந்தக் குளிர்காலம் ஊரிலிருந்து அம்மா வந்திருந்தார். ரேடியேட்டரைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "ஏம்ப்பா, இது வெதுவெதுன்னுகூட இல்லையே, நின்னுபோச்சா?" என்றார். அன்று தண்ணீர் 34 டிகிரியில் ஓடிக்கொண்டிருந்தது. நம் உடம்புச் சூட்டைவிடக் குறைவு, தொட்டால் சூடு தெரியாது. பக்கத்திலிருந்த தெர்மாமீட்டரில் 20.5. அவர் அதை நம்பவில்லை, ஆனால் ஸ்வெட்டரைக் கழற்றிவிட்டுத்தான் உட்கார்ந்திருந்தார். ரேடியேட்டரில் துணி போட்டால் ஒரு மணி நேரத்தில் காய்ந்துவிடும் என்ற சுகமும் போய்விட்டது. அதற்குத் தனியாக, காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும் டீஹியுமிடிஃபையர் ஒன்று வாங்கினோம்.

பராமரிப்பு பெரிதாக இல்லை. வெளிமெஷினின் முதுகில் ஒட்டும் இலைச் சருகை நானே மென்மையான பிரஷ்ஷால் தள்ளிவிடுகிறேன். காந்த வடிகட்டியைத் திறந்து துடைக்கும் சர்வீஸ் வருடம் ஒன்று. அந்த ரசீதை வைத்திருங்கள்; பெரும்பாலான மெஷின்களுக்கு வருட சர்வீஸ் விட்டுப்போனால் உத்தரவாதமும் போய்விடும்.